கோத்தகிரி மலைத்தேன்: தாராளமாக வாங்கலாம், லேபிளில்தான் குறை

கோத்தகிரியில் பழங்குடியினரின் பொருட்களை விற்கும் ஒரு சின்னக் கடையில் அரைக்கிலோ மலைத்தேன் வாங்கினேன். நாவல் பூக்கும் பருவத்துத் தேன் என்றார் கடையிலிருந்த அக்கா. நல்ல கருநிறம், கடைசியில் லேசாகக் கசக்கும். பாகு மாதிரித் தேனுக்குப் பழகியவர்களுக்கு முதல் ஸ்பூன் பிடிக்காது. சுக்குத் தண்ணீரில் விட்டுக் குடித்துப் பாருங்கள், அப்புறம் விடமாட்டீர்கள். கொஞ்சம் நீர்த்துதான் இருக்கும், காட்டுத்தேன் அப்படித்தான். ஈரக் கரண்டி மட்டும் போடாதீர்கள்.

பக்கத்தில் நின்றவர் விலை அதிகம் என்று பேரம் பேசினார். எனக்கு மனசு கேட்கவில்லை. நீலகிரிப் பழங்குடியினரான குறும்பர்கள் செங்குத்துப் பாறையில் கொடி ஏணி கட்டி, உயிரைப் பணயம் வைத்து எடுக்கும் தேன் இது. காட்டில் தேன் எடுக்கவும் விற்கவும் காடு வாழ் பழங்குடிகளுக்கு உரிமை உண்டு என்று 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டிலோ 2008இல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவால் உரிமைப் பத்திரம் கொடுப்பது முடங்கிப்போனது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கும்வரை காத்திருந்தார்கள்.

பாட்டிலில் எந்த ஊர்த் தேன், எடுத்தவருக்குக் கிலோவுக்கு என்ன கிடைத்தது என்று எதுவும் இல்லை. கேட்டேன், அக்காவுக்கும் தெரியவில்லை. அதை அச்சடித்தே ஆகவேண்டும். விலையைக் கூட்டினாலும் சரி, நான் வாங்குவேன்.