நூலக மின்னூலுக்கு எந்தக் கருவி? கோபோ வாங்கியவன் சொல்வது

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் மின்னூல்களைக் கைப்பேசியிலேயே படித்துப் படித்துக் கண் எரிய ஆரம்பித்தது. வீட்டில் அமேசானின் மின்னூல் வாசிப்பானான பழைய கிண்டில் ஒன்று இருக்கிறதே, அதில் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால் வழியில்லை. நூலக மின்னூலைக் கிண்டிலில் படிக்கும் வசதி 2011இல் வந்தது. ஆனால் அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும். சிங்கப்பூர் நூலகக் கணக்கோடு, மின்னூல் இரவல் எடுக்கும் லிபி செயலியில் (எழுத்து இல்லை, செயலியின் பெயரே அதுதான்) எவ்வளவு துழாவினாலும் கிண்டிலுக்கு அனுப்பும் பொத்தான் வராது.

மிச்சம் இரண்டு. ஒன்று கோபோ, கிண்டில் மாதிரியே இன்னொரு மின்னூல் வாசிப்பான். இன்னொன்று ஆண்ட்ராய்டில் ஓடும் வாசிப்பான். அதில் லிபியை நேராகவே நிறுவிக்கொள்ளலாம். நான் கோபோ கிளாரா பிடபிள்யூ வாங்கி எட்டு மாதமாகிறது. ஆண்ட்ராய்டு கருவியை நண்பரிடம் ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

திரை, எடை, வெளிச்சம் பற்றியெல்லாம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கிளாராவில் ஆறு அங்குலத் திரை, அங்குலத்துக்கு 300 புள்ளி. எதை எடுத்தாலும் கைப்பேசியைவிடக் கண்ணுக்குச் சுகம்.

என்னைக் கோபோ பக்கம் சாய்த்தது ஒரே விஷயம்: இரவல் எடுத்த புத்தகம் கைக்கு வந்துசேர எத்தனை வேலை என்பது. நூலக மின்னூலுக்கு, கண்டபடி நகலெடுக்காமல் இருக்க ஒரு மின்பூட்டு உண்டு. பழைய முறையில் அதைத் திறக்கக் கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் நிறுவ வேண்டும், அனுமதிக் கோப்பை இறக்க வேண்டும், கேபிள் செருகி நகலெடுக்க வேண்டும். ஒரு புத்தகத்துக்குப் பரவாயில்லை. மாதம் நான்கு புத்தகம் என்றால், இரண்டாம் மாதமே கருவி மேசை இழுப்பறைக்குப் போய்விடும். கோபோவில் இந்தத் தொல்லை இல்லை. நூலகங்களுக்கு மின்னூல் வழங்கும் ஓவர்டிரைவை, கோபோவின் உரிமையாளரான ரகுட்டன் 2015இல் வாங்கியது. மறு ஆண்டே ஆரா ஒன் என்ற கோபோவுக்குள் ஓவர்டிரைவ் வந்து உட்கார்ந்தது. 2020இல் ரகுட்டன் ஓவர்டிரைவை விற்றுவிட்டாலும் வசதி போகவில்லை.

நடைமுறையில் எப்படி என்றால், ரயிலில் நின்றபடியே கைப்பேசியில் லிபியைத் திறந்து இரவல் எடுத்துவிடுவேன். இரவு படுக்கையில் கோபோவை எடுத்து, மேலே வட்டமாகச் சுற்றும் அந்த இரண்டு அம்புகளைத் தட்டினால் அரை நிமிடத்தில் அட்டைப்படம் முகப்பில் வந்து நிற்கும். நூலகக் கணக்கில் நுழைந்தது முதல் நாள் ஒரே ஒரு தடவை. 21 நாள் முடிந்ததும் புத்தகம் தானாகப் பூட்டிக்கொள்கிறது, தாமதக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. முன்பதிவு செய்த மூன்று புத்தகம் ஒரே வாரத்தில் வந்து விழுந்தால் லிபியிலேயே இரண்டைத் தள்ளிப்போடலாம், வரிசையில் இடம் போகாது.

குறைகளும் உண்டு. கைப்பேசியில் எட்டாம் அத்தியாயம் வரை போயிருப்பேன். கோபோ ஐந்தாவதிலேயே நிற்கும். படித்த இடம் இரண்டுக்கும் இடையே ஒத்துப்போவதில்லை. லிபியில் எடுக்கும் வார மாத இதழ்கள், ஒலிநூல்கள் கோபோவுக்கு வராது. உலாவியில் மட்டும் படிக்கக் கிடைக்கும் நூல்களும் அப்படியே. தமிழ் நூலுக்கு எழுத்துரு பிடிக்கவில்லை என்றால் நோட்டோ தமிழை இலவசமாக இறக்கி, கருவியில் 'ஃபான்ட்ஸ்' என்று (ஆங்கிலத்தில்) ஒரு கோப்புறை உருவாக்கி அதில் போட்டுவிடலாம். கேபிளைத் தேடி எடுத்த வேலை எனக்கு அது ஒன்றுதான்.

ஆண்ட்ராய்டு கருவியில் இந்தக் குறைகள் பெரும்பாலும் இல்லை. படித்த இடம் ஒத்துப்போகிறது, இதழ்களும் வருகின்றன, கிண்டில் செயலியையும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் லிபி கைப்பேசிக்காகச் செய்தது. பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்போது, காகிதம் போலத் தெரியும் மின்மைத் (இ-இங்க்) திரையில் முந்தைய வரிகளின் நிழல் தங்குகிறது. அசைவைக் குறைக்கும் அமைப்பைப் போட்ட பிறகு கொஞ்சம் தேவலை. அந்த ஒரு வாரத்தில் இரண்டு தடவை மின்னேற்றினேன். என் கோபோவுக்கு மாதம் ஒன்றிரண்டு தடவை போதும். அதைவிட, படிக்கக் கையில் எடுத்தால் உலாவியும் மின்னஞ்சலும் அதே திரையில் கூப்பிடுகின்றன. எனக்கு அது ஆகாது. மனக்கட்டுப்பாடு உள்ளவர்களுக்குப் பிரச்சினை இருக்காது. நாலைந்து வருடம் கழித்து அந்தக் கருவியின் ஆண்ட்ராய்டு பதிப்பில் லிபி ஓடுமா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

கிண்டிலை விற்கவில்லை. 2016 கடைசியில் அமேசான் தமிழுக்கு இடம் கொடுத்ததிலிருந்து காசு கொடுத்து வாங்கிய தமிழ்ப் புத்தகங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன, பூட்டோடு. எழுத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி போடாமல் படிக்கிறார். என் கோபோவை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல தமிழ் எவ்வளவு வச்சிருக்கே?" என்றார். இப்போதைக்கு ஆறு, எல்லாம் இரவல்.