நாய்ஸைத் துரத்த எது தோது: பாக்கெட் ரேடியோவா, டேப் யாகியா, எஸ்டிஆரா?

சாயங்காலம் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உட்கார்ந்தால், நாய்ஸால், அதாவது மின்சாதனங்களும் மின்கம்பிகளும் கிளப்பும் ரேடியோ இரைச்சலால், எஸ்-மீட்டர் (சிக்னலின் பலத்தைக் காட்டும் அளவி) 9-ஐ விட்டு இறங்க மறுக்கிறது. மதுரைக்குள் ஆன்டெனா கட்டியிருக்கும் ஹாம்களுக்கு, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர்களுக்கு, இது பழகிப்போன தொல்லை. ஓர் எஸ் புள்ளிக்கு 6 டெசிபெல். எஸ்3-இல் கிடக்க வேண்டிய இரைச்சல் எஸ்9-க்கு ஏறினால் 36 டெசிபெல் போச்சு. பவரைக் கூட்டினால் நம் குரல் எதிர்முனையில் இருப்பவர்களுக்குக் கேட்கும், அவர்கள் குரல் நமக்குக் கேட்காது. மூலத்தைத் தேடிப் போவதைத் தவிர வழியில்லை.

கருவியை எடுக்கும் முன் வீட்டைச் சோதியுங்கள். ரிக்கை (ஹாம் ரேடியோப் பெட்டியை) 12 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு மெயினை அணைப்பது எல்லோரும் சொல்வதுதான். நம் ஊர் வீடுகளில் அதில் ஒரு சிக்கல் உண்டு: மெயின் போனதும் யூபிஎஸ் எழுந்து உட்கார்ந்துகொள்ளும், பல நேரம் அதுவே பெரிய குற்றவாளி. அதையும் அணைத்த பிறகு கிடைக்கும் அமைதிதான் உண்மையான அமைதி. அப்போதும் இரைச்சல் குறையவில்லையென்றால் தெருவில் இறங்கலாம்.

சில நூறு ரூபாய் மீடியம் வேவ் பாக்கெட் ரேடியோவை ஹாம்களே மதிப்பதில்லை. உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பிதான் அதன் பலம். டயலில் நிலையம் ஏதும் இல்லாத இடத்தில், 1600 கிலோஹெர்ட்ஸ் பக்கம், வைத்துவிட்டு ரேடியோவைச் சுற்றுங்கள். கம்பியின் முனை மூலத்தை நோக்கும்போது இரைச்சல் பொசுக்கென்று அமுங்கும். இந்த அமுக்கம் கூர்மையானது, எந்த உச்சத்தையும்விட நம்பகமானது. முன்னாலா பின்னாலா என்று மட்டும் அது சொல்லாது. எல்ஈடி பல்பு, செல்போன் சார்ஜர், பக்கத்து வீட்டு சீரியல் செட் எல்லாம் இதில் மாட்டும்.

மின்கம்ப வேட்டைக்கு இது உதவாது. இந்த அலைவரிசையில் இரைச்சல் மின்கம்பி வழியே வெகுதூரம் ஓடி, நடுவழியில் அங்கங்கே உச்சம் காட்டும். அதை நம்பி நடந்தால் திருநகரில் தொடங்கி திருப்பரங்குன்றம் வரை போகலாம், கம்பம் கிடைக்காது.

கம்பத்துக்கு டேப் யாகிதான், அதாவது அளவு நாடாவில் செய்த, ஒரு திசையை நோக்கிக் கேட்கும் ஆன்டெனா. ஹார்டுவேர் கடை இரும்பு அளவு நாடாவை வெட்டி, பிவிசி குழாயில் மூன்று எலிமென்ட்டாகப் (குறுக்குத் துண்டுகளாகப்) பொருத்தினால் 2 மீட்டர் பேண்டுக்கு (144 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஆன்டெனா தயார். சால்டர் பிடிக்க நாடாவின் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு எலிமென்ட்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் என்றாலும், மாசி வீதியை ஒட்டிய சந்துகளில் ஆள்மேல் பட்டால் வளைந்து நிமிர்ந்துகொள்ளும். ரிசீவரில் ஏஎம் மோட் கட்டாயம். எஃப்எம் வாக்கிடாக்கியில் ஏற்ற இறக்கத்தை வெட்டும் லிமிட்டர் நாம் தேடும் இரைச்சலையே அமுக்கிவிடும். அலைவரிசை ஏற ஏற இரைச்சல் எட்டும் தூரம் சுருங்கும், ஆகவே 2 மீட்டர் பேண்ட் இருக்கும் விஎச்எஃப் அலைவரிசைகளில் கேட்கிறதென்றால் மூலம் பக்கத்தில்தான். ஒரே திசையை மட்டும் நம்பாதீர்கள். மாடிக் கட்டடங்களிலும், ஒத்தக்கடை என்றால் ஆனைமலைப் பாறையிலும் பட்டுத் திரும்பும் அலை ஏமாற்றும். நான்கைந்து இடத்தில் நின்று பார்த்துக் கோடு போடுங்கள்.

காலமும் துப்புக் கொடுக்கும். ஆடிக் காற்றில் கரகரத்து, ஐப்பசி மழையில் அடங்கினால் கம்பத்தில் ஏதோ இரும்பு தளர்ந்து பொறி விடுகிறது. மார்கழிப் பனியில் கூடினால் தூசி படிந்த இன்சுலேட்டரைச் சந்தேகிக்கலாம்.

எஸ்டிஆர் டாங்கிள் என்பது லேப்டாப்பில் செருகும், மென்பொருளால் இயங்கும் ரேடியோ. அலைவரிசைகளைத் திரையில் பட்டைகளாக ஓடவிடும் அதன் வாட்டர்ஃபால் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது மூலத்தின் இனத்தைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. சீரான இடைவெளியில் மெதுவாக நகரும் பட்டைகள் தெரிந்தால் ஸ்விட்ச் மோட் சப்ளை (சார்ஜர், அடாப்டர் மாதிரி). 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் முரட்டு உறுமல் பரவிக் கிடந்தால் மின்கம்பிப் பொறி. பொழுது விடிந்ததும் வந்து, சாய்ந்ததும் போனால் மாடி சோலார். சாதாரண டாங்கிள் 24 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. 7-ஐப் பார்க்க, தாழ்ந்த அலைவரிசையை நேராக வாங்கும் டைரக்ட் சாம்ப்ளிங் வசதியோ, அதை மேலே ஏற்றிக் கொடுக்கும் அப்கன்வெர்ட்டரோ வேண்டும். சிக்னலை அளக்க 8 பிட் மட்டுமே இருப்பதால் பலமான நிலையங்கள் அருகே சீக்கிரம் திணறும். அப்போது திரையில் வரும் பாதி பட்டைகள் டாங்கிளே உண்டாக்கியவை. வெயிலில் லேப்டாப் திரையும் தெரியாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பாக்கெட் ரேடியோவை வாங்குங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. யாகியோடு வாசலில் நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் மிரள்வார். ரேடியோவைக் காதில் வைத்துக் காட்டி, "அண்ணே, அந்த சீரியல் செட்டை ஒரு நிமிசம் அணைங்க" என்றால் சத்தம் நிற்பதை அவரே கேட்பார். மாற்று அடாப்டரோ, ஒயரை ஏழெட்டுச் சுற்று சுற்றிய ஃபெரைட் வளையமோ நம் செலவில் கொடுத்தால் பெரும்பாலும் தகராறு வராது.

கம்பம் என்று உறுதியானால் தட்டிப் பார்க்கவோ அதை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியை ஆட்டவோ வேண்டாம். கம்ப எண்ணைக் குறித்து, சத்தத்தைப் போனில் பதிந்து, லைன்மேனிடம் கொடுங்கள். "இந்த ஏரியா பூரா சத்தம்" என்று போனால் அவர் எங்கே ஏறுவார்?