தரைக்கு முதற்செலவு: கிளிநொச்சியில் நடனக்காரர் நடத்தும் ஒரு கூடம்

வன்னியில் ஆடுகிறவர்களுக்கு வாய்க்கும் தரை பெரும்பாலும் சீமெந்துதான். பொதுநோக்கு மண்டபமோ பாடசாலை மண்டபமோ, காலுக்குக் கீழே சீமெந்து, அல்லது அதன்மேல் ஒட்டிய டைல்ஸ். சீமெந்து அதிர்வை வாங்காது. அடித்த அடியின் பலம் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று உடம்புக்கே திரும்பி வரும். தமிழ்மொழித் தினப் போட்டிக்கும் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கும் மாதக்கணக்கில் தட்டடவு, அதாவது காலால் தரையைத் தட்டும் பரத அடவு, போட்ட பிள்ளைகள் கணைக்கால் எலும்பின் உட்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். ஏ9 வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில், பழைய நெற்களஞ்சியம் ஒன்றில் சமகால நடனக் குழுவொன்று நடத்தும் கூடத்தைப் பற்றி எழுதுவதென்றால், ஆகவே, தரையில்தான் தொடங்க வேண்டும். கையில் இருந்த காசை விளக்குக்கோ திரைக்கோ போடுவதற்கு முன்னர் இவர்கள் தரைக்குப் போட்டிருக்கிறார்கள். சரியான முடிவு.

களஞ்சியத்தின் பழைய சீமெந்தின்மேல் தடித்த பொலித்தீன் விரித்திருக்கிறார்கள், நிலத்து ஈரம் மேலேறாமல் இருப்பதற்கு. அதன்மேல் இறப்பர் கட்டைகள். அவற்றின்மேல் மரச் சலாகைகள் குறுக்கும் நெடுக்குமாக மூன்று அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்குச் சலாகையின் இரண்டு தாங்கிகளுக்கு நடுவே, அடியில் வெற்றிடம் உள்ள இடத்தில் இருத்தப்பட்டிருக்கிறது. குதித்து இறங்கும்போது சலாகை கொஞ்சம் வளைந்து கொடுத்துப் பிறகு நிமிர்வது இதனால்தான். எல்லாவற்றுக்கும் மேலே 12 மில்லிமீற்றர் பிளைவுட் இரண்டு தட்டு, மேல் தட்டின் பொருத்தும் கீழ்த் தட்டின் பொருத்தும் ஒரே கோட்டில் வராமல் ஆணி முறுக்கியிருக்கிறது. சுவரோரம் ஒரு விரலளவு இடைவெளி. மாரியில் பலகை ஊதும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும். சுவரை முட்டப் பலகை அடித்த மேடைகள் கார்த்திகை மாதத்தில் நடுவில் கூடாரம்போல எழும்பிவிடும்.

தரையைச் சோதிக்க ஒரு லேசான வழி உண்டு. குதிகாலால் தட்டித் தட்டி மூலைக்கு மூலை நடக்க வேண்டும். எங்கும் ஒரே சத்தம் கேட்டால் நல்லது. இங்கே பின்பக்க வலது மூலையில் ஏறத்தாழ ஒரு பாய் அகலத்துக்குச் சத்தம் மாறுகிறது, மொட்டையாகக் கேட்கிறது. பழைய சீமெந்தில் இருந்த பள்ளத்தை நிரப்பக் கொடுத்த ஆப்பு சலாகையை வளையவிடாமல் பிடித்திருக்கிறது. அந்த மூலையில் பாய்ச்சலை முடிக்காதீர்கள். திருத்துவது பெரிய வேலை இல்லை, மேல் பலகையைக் கழற்றி ஆப்பை எடுத்து அந்த இடத்துக்கு இறப்பர் வைத்தால் போதும். கறையானுக்கு மருந்தடித்த பலகைதான், ஆனாலும் ஓரத்து இடைவெளிகளை மாதம் ஒருமுறை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வன்னி மண்ணில் மரத்தை நம்பிவிட்டு இருக்க முடியாது.

பலகைக்கு மேலே விரிக்கும் வைனைல் என்ற பிளாஸ்டிக் தரைவிரிப்பு 1.5 மீற்றர் அகலத்தில் ஆறு றோல், ஒவ்வொன்றும் 8 மீற்றர் நீளம். ஆகமொத்தம் 9க்கு 8 மீற்றர் ஆடுமிடம். ஆறு பேர் ஆடத் தாராளம், பத்துப் பேர் என்றால் கை இடிக்கும். ஒரு றோல் 30 கிலோவுக்கு மேல் நிறை, இரண்டு பேர் தூக்க வேண்டும். படுக்கவைத்தே அடுக்க வேண்டும், நிமிர்த்திச் சாத்தினால் கீழ் ஓரம் நெளிந்துவிடும், நெளிந்த ஓரம் கால்விரலைத் தட்டும். விரித்தவுடன் ரேப் ஒட்டவும் கூடாது. காலைக் குளிர்ச்சியில் இறுக்கி ஒட்டிய வைனைல் மத்தியானத் தகரச் சூட்டில் விரிந்து அலை அலையாக எழும்பும். விரித்துச் சில மணிநேரம் கிடக்கவிட்டு, இரண்டு றோலுக்கும் நடுவே 2 மில்லிமீற்றர் விட்டு, வைனைலுக்கென்று விற்கும் ரேப்பால் ஒட்டுங்கள். துணி ரேப் பிடிக்கும்தான், ஆனால் கழற்றும்போது பசையை விட்டுப்போகும், அந்தப் பசையில் செம்மண் ஒட்டும், பிறகு அது அரத்தாள் மாதிரி உள்ளங்காலைச் சுரண்டும். மாரியில் வாரம் ஒருமுறை தூக்கிக் காயவிடாவிட்டால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். இதைக் குழுவினர் தவறாமல் செய்கிறார்கள், தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறது.

தரையில் உருண்டு ஆடும் ஆட்டத்தில் தலையெண்ணெய் வைனைலில் படிந்து வழுக்கும். ஒரு வாளி தண்ணீருக்கு ஒரு மூடி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பிழிந்த துணியால் துடைத்தால் போய்விடும். பவுடர் தூவினால் நிலைமை மோசமாகும். வெறுங்காலில் வேர்வையோடு சுழன்றால் தோல் பிடித்து இழுக்கும், முழங்காலுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். பரதம் ஆட வருகிறவர்கள் வைனைலைச் சுருட்டித் தரும்படி கேட்டு வெறும் பலகையில் ஆடுவது உத்தமம். பலகையில்தான் தட்டு கணீரென்று கேட்கும், சலங்கையும் வைனைலைக் கீறாது.

நெற்களஞ்சியமாக இருந்ததால் கூரை உயரம். வளைக்குக் கீழே நாலரை மீற்றருக்குக் குறையாது, ஆளைத் தோளில் தூக்கி நிறுத்தலாம். அதே காரணத்தால் யன்னல் கிடையாது. நெல்லுக்கு வெளிச்சமும் மழைச்சாரலும் ஆகாதென்று மேலே சின்னச் சின்னத் துவாரம் மட்டும் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை உள்ளே ஒத்திகை வைப்பது உடம்புக்குக் கேடு. நான்கு பெரிய மின்விசிறிகள் சூட்டுக் காற்றைச் சுற்றவிடுகின்றனவே தவிர வெளியே தள்ளுவதில்லை. முகட்டுச் சுவரில் இரண்டு வெளியேற்று விசிறி பொருத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். கூடத்தில் உடனே செய்ய வேண்டிய வேலை இதுதான். காலை ஆறிலிருந்து பத்துவரை எடுங்கள், அல்லது மாலை நாலரைக்குப் பிறகு.

மின்சாரம் 30 அம்பியர், ஒற்றை இணைப்பு. 230 வோல்ட்டில் இது 7 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கீழே. யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ வாடகைக்கு 1000 வாட் பழைய பார் (PAR) மேடை விளக்குகளைக் கொண்டுவரும் குழுக்கள் எட்டு விளக்கை ஒரே நேரத்தில் ஏற்றினால் பிரதான ஆளி விழும், கூடம் இருளும். கூடத்தில் உள்ள பன்னிரண்டு எல்.ஈ.டி விளக்குகள் எல்லாம் சேர்ந்தும் இரண்டு பழைய விளக்கின் மின்சாரத்தைத்தான் குடிக்கும். அவற்றையே பாவியுங்கள். பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் நிறுத்த விளக்குக் கால்கள் இருக்கின்றன. நடனத்துக்கு உடம்பின் விளிம்பைக் காட்டுவது இந்தப் பக்க வெளிச்சம்தான், மேலிருந்து விழும் வெளிச்சம் கண்ணைக் குழியாக்கும்.

ஒலிபெருக்கிகளைப் பலகைத் தரையில் வைக்க வேண்டாம். அடியில் வெற்றிடம் இருப்பதால் தரையே மத்தளம் மாதிரி முழங்கும். ஓரச் சீமெந்தில் வையுங்கள். மிருதங்கத்துக்கோ பறைக்கோ வைக்கும் மைக் காலும் அப்படியே, இல்லாவிட்டால் ஆடுகிறவரின் ஒவ்வொரு அடியும் மைக்குக்குள் போகும். ஐப்பசி முதல் மார்கழிவரை தகரத்தில் மழை கொட்டினால் எந்த ஒலிபெருக்கியும் எடுபடாது. அந்த மாதங்களில் மெல்லிய இசையை நம்பி நிகழ்ச்சி வைப்பது துணிச்சல்.

இருக்கை ஒழுங்கு இவர்களின் இரண்டாவது நல்ல முடிவு. சமகால நடனத்தில் பாதி ஆட்டம் தரையோடு தரையாக நடக்கும். சமதரையில் பிளாஸ்டிக் கதிரை வரிசையாகப் போட்டால் நாலாவது வரிசைக்காரர் முன்னால் இருப்பவரின் பிடரியைத்தான் பார்ப்பார். இங்கே முதல் வரிசை பாய், அடுத்தது தாழ்ந்த வாங்கு, பிறகு கதிரை, கடைசியில் 40 சென்ரிமீற்றர் உயர்ந்த தட்டில் கதிரை. எண்பது பேர் மறைப்பில்லாமல் பார்க்கலாம். கேட்டால் நாலு பக்கமும் சுற்றிப் போட்டும் தருவார்கள். கூத்தாடும் களரியைச் சுற்றிப் பாயில் இருந்து கூத்துப் பார்த்த ஊர்களுக்கு அது புதிதில்லை. ஆடுகிறவருக்குத்தான் கடினம், முதுகுக்கும் ஆட்டம் வேண்டும்.

குழுவின் சொந்த ஆட்டம் அந்தச் சுற்று ஒழுங்கில்தான் நன்றாக எடுபடுகிறது. ஐந்து பேர், நாற்பது நிமிடம், பாட்டில்லை. ஓர் இடத்தில் ஒருத்தி மல்லாந்து கிடந்து, கை ஊன்றாமல், ஒரு முழங்காலை மடித்து இடுப்பைத் திருப்பி, மூச்சை விட்டபடியே எழும்பி நிற்கிறாள். பாரம் எங்கே போகிறதென்று ஒவ்வொரு கணமும் தெரிகிறது. அப்படியொரு எழும்பலுக்கு வயிற்றுத் தசையும் வேண்டும், இந்தத் தரையும் வேண்டும். குறையும் இருக்கிறது. எல்லோரும் ஒன்றாக ஆடும் பகுதிகளில் என்ன செய்வதென்று தெரியாத இடமெல்லாம் அரைமண்டிக்கு, முழங்கால்களை வெளிப்பக்கம் மடித்து அரைவாசி தாழும் பரத நிலைக்கு, போய்விடுகிறார்கள். அரைமண்டி வேண்டாமென்று இல்லை. சென்னை நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985இல் ‘அங்கிகா’ என்ற ஆட்டத்தில் பரதத்தையும் கேரளத்துச் சண்டைக் கலையான களரிப்பயிற்றையும் யோகாசனத்தையும் பக்கத்தில் வைத்தபோது அரைமண்டிக்குப் புதிதாக ஒரு வேலை கிடைத்தது. இங்கே அது இளைப்பாறும் இடமாக இருக்கிறது. சொந்தக் கூடம் இருக்கும் குழு இதைத் திருத்த முடியும். சந்திரலேகாவுக்குச் சென்னையில் ‘ஸ்பேசஸ்’ என்ற சொந்த இடம் இருந்தது, 1962இல் நியூயோர்க் நடனக்காரருக்கு ஜட்சன் தேவாலயத்து மண்டபம் இருந்தது. வாடகைக்கு மணி பார்க்காமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பத் தேட இடம் வேண்டும், இவர்களுக்கு அது இருக்கிறது.

பகிர்வு முறை தெளிவானது. ஒத்திகைக்கு மணிக்கணக்கில் வாடகை, நிகழ்ச்சிக்கு வாடகை இல்லை. வசூலில் 70 வீதம் ஆடும் குழுவுக்கு, 30 வீதம் கூடத்துக்கு. புதிய குழு ஒன்றுக்கு இது பெரிய ஆறுதல். ஆட்கள் வராவிட்டாலும் கடன்காரராக வீட்டுக்குப் போக மாட்டீர்கள். எடுத்த நேரத்தின் கடைசிப் பதினைந்து நிமிடம் துடைப்பதற்கு, அதை ஒத்திகையோடு சேர்த்துக் கணக்கிட்டால் அடுத்த குழு வாசலில் நிற்கும். பதிவு இன்னும் கொப்பியில்தான் நடக்கிறது, ஒரே நேரம் இரண்டு பேருக்குக் கொடுபட வாய்ப்பிருக்கிறது, முதல்நாள் தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள். நிகழ்ச்சியை ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடியுங்கள். அதற்குப் பிறகு முல்லைத்தீவுப் பக்கமோ பூநகரிப் பக்கமோ போகிறவர்களுக்குப் பேருந்து கிடைப்பது கஷ்டம், ஏழேமுக்காலுக்கே சனம் எழும்பத் தொடங்கும்.

உடை மாற்ற ஓர் அறைதான், கழிப்பறையும் ஒன்றுதான். இருபது பிள்ளைகளோடு வரும் பாடசாலைக் குழுக்கள் பாதி உடையைப் போட்டுக்கொண்டே வருவது நல்லது. அறைக்கு உட்பக்கக் கொண்டி இல்லை, ஒரு தடித்த சீலையும் கயிறும் கொண்டு போங்கள்.