ஹெட், ரோசிஞோல், எலான்: ஸ்கீ யாருக்கு அதிகம் கடன்பட்டது?

ஸ்கீ என்பது பனியில் சறுக்கக் காலில் மாட்டிக்கொள்ளும் நீண்ட பலகை. இன்றைய பந்தய ஸ்கீ ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் மேலும் கீழும் மெல்லிய உலோகத் தகடு இருக்கும். அவற்றுக்கு இடையே மரமும் கண்ணாடியிழையும் ஒட்டியிருக்கும். அறுக்காமல் மேலிருந்து பார்த்தால், இரு முனைகளும் அகன்று நடுப்பகுதி உடுக்கைபோல ஒடுங்கியிருக்கும். தகட்டைப் பரவலாக்கியது அமெரிக்காவின் ஹெட். அந்த ஒடுங்கிய இடையைத் துணிந்து செய்தது ஸ்லோவேனியாவின் எலான். ஒவ்வொரு புதுப்பொருளையும் பந்தயத்தில் ஓட்டி மெருகேற்றியது பிரான்சின் ரோசிஞோல். மூன்றில் எது பெரிய பங்களிப்பு என்று கேட்டால் பலரும் ஹெட் என்பார்கள். என் வாக்கு எலானுக்கு.

முதலில் ஹெட். ஹவர்ட் ஹெட் பால்டிமோரில் கிளென் மார்ட்டின் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். 1947இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோவுக்குப் பனிச்சறுக்கப் போனார். கனத்த மர ஸ்கீயோடு அவரால் மல்லுக்கட்ட முடியவில்லை. விமானம் மரத்தை விட்டு அலுமினியத்துக்கு வந்துவிட்டதே, ஸ்கீ மட்டும் ஏன் வரக்கூடாது என்று யோசித்தார். இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தேனடை அமைப்பை வைத்து, மர ஸ்கீயின் பாதி எடையில் ஆறு ஜோடி செய்தார். சறுக்குப் பயிற்சியாளர்களிடம் கொடுத்தபோது ஆறும் உடைந்தன.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. அவர் வேலையை விட்டுவிட்டு, பயிற்சியாளர்களுக்குப் புதுப்புது ஜோடிகளை அனுப்பிக்கொண்டே இருந்தார். தேனடைக்குப் பதில் ஒட்டுப்பலகை வந்தது. அலுமினிய அடிப்பாகத்தில் பனி ஒட்டிக்கொண்டதால் அடியில் பிளாஸ்டிக் வந்தது. விளிம்பு மழுங்கியதால் எஃகு வந்தது. 1950இல் நிறுவனம் முறையாக நடக்கத் தொடங்கியபோது, பாதி எடை என்ற முதல் கனவு கைவிட்டுப் போயிருந்தது. ஆனால் அந்த ஸ்கீ மரத்தைவிட மிக எளிதாகத் திரும்பியது. விலை 85 டாலர்; நல்ல மர ஸ்கீயைவிடப் பல மடங்கு அதிகம். திறமை இல்லாதவரையும் திறமைசாலியாகக் காட்டுகிறது என்பதால் அமெரிக்கச் சறுக்கர்கள் அதற்கு 'ஏமாற்றுக்காரன்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஒரு கருவிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

குறையும் இருந்தது. மென்பனியில் அருமையாக ஓடிய அந்த உலோக ஸ்கீ, கடினமான பனிக்கட்டியில் வேகமெடுத்தால் அதிர்ந்தது. பந்தயம் நடப்பதோ பனிக்கட்டியில்தான். பின்னால் ரப்பர் படலம் சேர்த்து அதிர்வைக் குறைத்தார்கள். ஆனாலும் பந்தயக்காரர்களோடு உட்கார்ந்து ஸ்கீ செய்வதில் ரோசிஞோலுக்கு இருந்த பழக்கம் அன்றைய ஹெட்டுக்கு இல்லை.

ரோசிஞோல் கதை 1907இல், கிரெனோபிளுக்கு அருகிலுள்ள வுவாரோனில் தொடங்குகிறது. ஆபெல் ரோசிஞோல் நெசவாலைகளுக்கு மரச்சாமான் செய்து கொடுத்தவர். அதே பட்டறையில் ஸ்கீயும் செய்தார். பிரெஞ்சுச் சறுக்கு வீரர் எமில் அலே 1937 உலகச் சாம்பியன் போட்டியில் டவுன்ஹில் (சரிவில் அதிவேகமாக இறங்குவது), ஸ்லாலம் (நட்ட கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்குவது), இரண்டும் சேர்ந்த பட்டம் என மூன்றையும் வென்றார். அவரை ஆலைக்குள் அழைத்து ஆலோசனை கேட்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. 1960இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலி ஒலிம்பிக்கில் பிரான்சின் ழான் வுவார்னே டவுன்ஹில் தங்கத்தை வென்றது, அலேயின் பெயரைத் தாங்கிய 'அலே 60' என்ற ரோசிஞோல் உலோக ஸ்கீயில். உலோக ஸ்கீ வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். உலோகத்தைப் பிரபலமாக்கியவர் ஹெட். அந்தப் பெருமையோ, அமெரிக்க மண்ணிலேயே, பிரெஞ்சு நிறுவனத்துக்குப் போனது.

கண்ணாடியிழையிலும் இதேதான். ஆஸ்திரியாவின் குஃப்ஷ்டைனில் இருந்த நைஸ்ல் நிறுவனம் 'ஒயிட் ஸ்டார்' ஸ்கீயோடு முந்திக்கொண்டது. 1960களின் நடுவில் வந்த ரோசிஞோலின் 'ஸ்ட்ராட்டோ' அதே பொருளைக் கொண்டு சந்தையைப் பிடித்தது. 1980இல் நைஸ்ல் திவாலானது. ரோசிஞோலைப் பிறர் கண்டுபிடித்ததைப் பின்பற்றிய நிறுவனம் என்று சிலர் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. புதுப்பொருள் பந்தயத்தில் தாங்குமா என்று நிரூபிப்பதும் கண்டுபிடிப்பின் ஒரு பாதிதான். அதற்கு வீரர்களின் காலடியில் ஆண்டுக்கணக்கில் பொறுமையாக உட்கார வேண்டும். ஹெட் உலோகத்தையே நம்பியிருந்து இழையை ஏற்கத் தாமதித்தது. 1969இல் ஹவர்ட் ஹெட் நிறுவனத்தை ஏஎம்எஃப் குழுமத்துக்கு 1.6 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்.

எலான் இந்த இருவரையும்விடச் சிறிய இடத்தில் பிறந்தது. ஸ்கீயோடு உயரத்திலிருந்து தாவும் போட்டிகளின் வீரரான ரூடி ஃபின்ஷ்கர், இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த கெரில்லாப் படையினருக்கு ஸ்கீ செய்து கொடுத்தார். போர் முடிந்த 1945இலேயே பெகுன்யே என்ற ஊரில் எலான் தொடங்கியது. ஸ்வீடன் வீரர் இங்கமார் ஸ்டென்மார்க் தன் 86 உலகக் கோப்பை வெற்றிகளையும் எலான் ஸ்கீயில்தான் பெற்றார். அந்த எண்ணிக்கையைக் கடக்க 2023 மார்ச்சில் அமெரிக்க வீராங்கனை மிக்கேலா ஷிஃப்ரின் வரவேண்டியிருந்தது.

ஆனால் என் வாக்குக்குக் காரணம் ஸ்டென்மார்க் அல்ல, 1993இல் வந்த எஸ்சிஎக்ஸ் என்ற எலான் ஸ்கீ. ஸ்கீயின் இடை ஒடுக்கம் பழைய விஷயம்தான்; எல்லா ஸ்கீயிலும் பக்கத்துக்குச் சுமார் 7 மில்லிமீட்டர் இருந்தது. எலான் பொறியாளர்கள் யூரி ஃபிராங்கோவும் பாவெல் ஷ்கோஃபிச்சும் அதை 22 மில்லிமீட்டர் வரை கொண்டுபோனார்கள். இது என்ன செய்யும்? ஸ்கீயை விளிம்பில் சாய்த்தால் இரு முனைகளும் பனியைத் தொடும், இடை தொடாது. உடல் எடை இடையை அழுத்தும்போது ஸ்கீ வில்லாக வளைந்து, அந்த வளைவின் தடத்திலேயே ஓடும். அதற்குமுன் திரும்புவதென்றால் ஸ்கீயின் வாலைப் பக்கவாட்டில் தள்ளித் தேய்க்க வேண்டும். பந்தயக்காரர்களைப்போல விளிம்பிலேயே திரும்பப் பல ஆண்டுப் பயிற்சி தேவைப்பட்டது.

சில ஆண்டுகளுக்குள் எல்லா நிறுவனங்களும் இந்த வடிவத்துக்கு மாறின. 2 மீட்டரைத் தாண்டியிருந்த ஸ்லாலம் ஸ்கீ சுருங்கியது. இன்று ஆண்களுக்கான குறைந்தபட்ச நீளம் 165 செ.மீ. ஹெட் திரும்புவதை எளிதாக்கியது. எலானோ திரும்பும் விதத்தையே மாற்றியது. பொருளை மாற்றுவதைவிட வடிவத்தை மாற்றுவது மலிவானது. மரத்தாலேயேகூட இந்த இடையைச் செதுக்கியிருக்கலாம். பல பத்தாண்டுகளாக யாரும் அந்த அளவுக்குத் துணியாததால்தான் எலானை நான் மேலே வைக்கிறேன்.

உரிமையாளர் விஷயத்தில் மூவருக்குமே சுகமான பயணம் இல்லை. ரோசிஞோலை 2005இல் அலைச்சறுக்கு உடை விற்கும் குயிக்சில்வர் வாங்கி, மூன்றே ஆண்டில் கைகழுவியது. ஹெட் கைமாறிக் கைமாறி, 1995இல் தொழிலதிபர் யோஹான் எலியாஷிடம் வந்தது. அதன் ஸ்கீத் தொழில் ஆஸ்திரியாவின் கென்னல்பாக்கை மையமாகக் கொண்டது. பந்தயத்தில் பின்தங்கியிருந்த அந்தப் பெயர் அங்கே பந்தயக்காரர்கள் தேடிவரும் பெயராக மாறியது. 2009இல் அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வான் ரோசிஞோலை விட்டு ஹெட்டுக்கு வந்தார். அடுத்த ஆண்டே வான்கூவர் ஒலிம்பிக்கில் டவுன்ஹில் தங்கம் வென்றார்.