நைட் ஷிப்டில் முளைத்த பிரியத்தைச் சொல்ல எந்த வழி நல்லது?

கூட வேலை செய்யும் ஒருவர்மேல் மனசு போய்விட்டது. வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய் பக்கத்திலிருந்து தொழிற்சாலை நைட் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்த நிலையில் என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். லைனில் நான் மூத்தவள், எல்லாருக்கும் அக்கா. தூது போகச் சொல்வதும் என்னிடம்தான், பிறகு வந்து அழுவதும் என்னிடம்தான். பேசாமலே இருந்துவிடுவது, புலனத்தில் (வாட்ஸ்அப்) எழுதுவது, அக்காவைத் தூது விடுவது, வீட்டுப் பெரியவர்களை அனுப்புவது, நேரில் சொல்வது என்று சுற்றிச் சுற்றி இந்த வழிகள்தான் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்துவிடலாம்.

எல்லாரும் கேட்கிற கேள்வி, "எப்படிச் சொன்னாக்கா சரின்னு சொல்லுவாங்க?" என்பதுதான். நான் பார்ப்பது வேறு. எந்த வழியில் கேட்டால், பிடிக்காதவர் பயப்படாமல் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியும்? அதுதான் என் அளவுகோல். காரணம் இருக்கிறது. பதில் என்னவாக இருந்தாலும் மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் அதே வேனில் ஏறவேண்டும், அதே லைனில் விடிய விடிய நிற்கவேண்டும். ‘வேண்டாம்’ என்பதைச் சுலபமாகச் சொல்ல முடிந்தால்தான் ‘சரி’ என்பதும் மனசறிந்து சொன்னதாக இருக்கும்.

ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். விக்டோரியா, ஹென்ரியட்டா என்று சுற்றிலும் தோட்டங்கள். கித்தா என்கிற ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த ஆட்கள் பலர் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். 1996-ல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்த பிறகு பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை வேலை பக்கத்திலேயே கிடைத்தது. எங்கள் அம்மாக்கள் விடியாத இருட்டில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனார்கள், நாங்கள் விடிந்த பிறகு வீடு திரும்புகிறோம். அந்தக் காலத்து 1955 வேலைச் சட்டத்தில், இரவு 10 முதல் காலை 5 வரை பெண்களை ஆலையிலோ தோட்டத்திலோ வேலை வாங்கக்கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. தொழிற்சாலைகள் விலக்கு வாங்கித்தான் எங்களை நைட்டில் நிறுத்தின. 2023 ஜனவரி 1 முதல் அந்தப் பிரிவே சட்டத்தில் இல்லை. ஆணும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நின்று இரவைக் கழிப்பது இங்கே இன்று சாதாரணம். ஆனால் ஊர் வாய் மட்டும் லயத்துக் காலத்து வாய்தான். காலை 7 மணிக்கு வேனில் ஒருவர் சிரித்தது சாயங்காலப் பூசைக்குள் கோயில் வாசலுக்கு வந்துவிடும்.

இந்த மாதிரி இடத்தில் பிரியம் எப்படி முளைக்கிறது என்பதை ஒரு தம்பியை வைத்துச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தூசி புகாத சுத்த அறைக்குள் வேலைக்குப் போகும்போது தலை முதல் கால் வரை ஒரே வெள்ளை உடுப்பு, முகக்கவசம், கையுறை. வெளியே தெரிவது கண் மட்டும். யார் யார் என்பதை நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவன் பக்கத்து மேசையில் ஒரு தங்கச்சி, மூக்குக்கண்ணாடி போட்டவள். கவசத்துக்கு மேலே மூச்சு ஏறி அடிக்கடி கண்ணாடியில் ஆவி படியும். அவள் கையை நிறுத்துவதற்குள் துடைக்கிற துணி ஒன்று அவள் மேசை ஓரத்துக்கு வந்துவிடும். அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான். அவள் துடைத்துக்கொண்டு லேசாகத் தலையை ஆட்டுவாள். மாதக்கணக்கில் இரண்டு பேருக்கும் இடையில் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். ஆனால் அந்தத் தலையாட்டலுக்காகவே அவன் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுக்காமல் வந்தான் என்பது எனக்குத் தெரியும்.

இவனுக்கு என்ன வழி?

முதலில், பேசாமலே இருப்பது. இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அவளுக்கு நிச்சயமாகியிருந்தால், அல்லது வேலைக்குச் சேர்ந்து இன்னும் கால் ஊன்றாத புதுப் பிள்ளையாக இருந்தால், வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை. நீங்கள் லைன் லீடரோ சூப்பர்வைசரோ என்றால் உங்களுக்கு வேறு வழியே இல்லை. ஓவர்டைம் கொடுப்பதும் லீவில் கையெழுத்துப் போடுவதும் நீங்கள். உங்களிடம் அவளால் ‘வேண்டாம்’ என்று தைரியமாகச் சொல்ல முடியாது. முடியாது என்று தெரிந்தும் கேட்பது தப்பு. வேலையிடத்துப் பாலியல் தொல்லையைப் பற்றிய அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டவேண்டும் என்று இப்போது சட்டமே சொல்கிறது. அதை நின்று படியுங்கள்.

சமமான வேலையில் இருப்பவர்களுக்குப் பேசாமல் இருப்பதில் ஒரு குறை உண்டு. நைட் ஷிப்டில் எதுவும் மறையாது. இவன் வாயைத் திறக்காவிட்டாலும் கண்ணாடி துடைக்கிற துணியைப் பத்துப் பேர் பார்க்கிறார்கள். அவன் சொல்லாததை லைன் சொல்லிவிடும், அதுவும் கிண்டலாக. அந்தக் கிண்டலுக்குப் பதில் சொல்லவேண்டிய நிலை, ஒன்றும் அறியாத அந்தப் பிள்ளைக்கு வரும். அது அவளுக்குச் செய்கிற அநியாயம்.

அடுத்தது புலனம். கூச்சப்படுகிறவர்கள் முதலில் ஓடுவது இங்கேதான். என் அளவுகோலில் இதற்கு நல்ல மார்க்கே கொடுக்கவேண்டும். முகத்தைப் பார்க்காமல் யோசித்துப் பதில் சொல்லலாம், ‘வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதுவது சுலபம். ஆனால் நைட் ஷிப்ட்காரர்களுக்குச் சில சங்கடங்கள் உண்டு. கைப்பேசி லாக்கரில். ஷிப்ட் ஏறும் முன் அனுப்பிவிட்டால், ராத்திரி இடைவேளை வரை அவள் பார்த்தாளா இல்லையா என்று கை நடுங்க வேலை செய்யவேண்டும். இடைவேளையில் அனுப்பினால் இன்னும் மோசம். விடியற்காலை மூன்று, நாலு மணி என்பது உடம்புச் சூடு இறங்கி, தூக்கம் கண்ணைச் சுழற்றுகிற நேரம். அந்த நேரத்தில் எழுதியதைக் காலையில் படித்துத் தலையில் கைவைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அழித்தாலும் ‘நீக்கப்பட்டது’ என்ற வரி அங்கேயே நிற்கும். அதைவிடப் பெரிய தொல்லை, திரையைப் படம்பிடித்து யாராவது ஷிப்ட் குழுவில் போட்டுவிடுவது. நாலு பக்கத்துக்கு எழுதிய மனசு நாற்பது பேர் கையில் போய்விடும்.

அப்புறம், அந்த எண் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? அவளே கொடுத்தாளா, ஷிப்ட் குழுவிலிருந்து எடுத்தீர்களா? குழுவிலிருந்து எடுத்ததென்றால் வேலை விஷயம் தவிர வேறெதற்கும் அதைத் தொடாதீர்கள்.

தூது விஷயத்தில் நான் கொஞ்சம் நிறையவே பேசுவேன், அது என் வேலையாகவே ஆகிவிட்டதால். "அக்கா, நீங்க கேட்டுச் சொல்லுங்களேன்" என்று பையன் சொல்லும்போது பாவமாகத்தான் இருக்கும். ஆனால் நான் போய்க் கேட்டால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு பாரம் ஏறுகிறது. அவன் மனசு நோகக்கூடாது என்பது ஒன்று. அக்கா முகம் வாடக்கூடாது என்பது இன்னொன்று. "அக்கா கேட்டாங்களேன்னு சரின்னுட்டேன்" என்று பிறகு கண்கலங்கிய பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. தூது போகிறவள் சொல் மாற்றாமல் சொல்வதில்லை. "நல்ல பையன், குடி கிடையாது, சிகரெட் கிடையாது, அம்மாவைப் பார்த்துக்கிறான்" என்று நாமே சேர்த்துக்கொள்வோம். அவன் சொல்ல வந்தது அவ்வளவும் அல்ல. அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவது அவனுக்குப் பிடிக்கும். அதை என்னால் சொல்ல முடியுமா? அவன் சொன்னால்தான் அது அழகு.

அதனால் நான் ஒரே ஒரு வேலைதான் ஒப்புக்கொள்கிறேன். அவளுக்கு ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா, வீட்டில் பேச்சு நடக்கிறதா என்று, யார் கேட்டார்கள் என்பது தெரியாமல் விசாரித்துச் சொல்வேன். அதோடு என் பங்கு முடிந்தது.

பெரியவர்களை அனுப்புவது நம் வழக்கம், அதில் எனக்கு மதிப்பு உண்டு. தட்டுத் தூக்கிக்கொண்டு முறையாகப் போய் நிற்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. ஆனால் முதல் வார்த்தையே அதுவாக இருந்தால் பாரம் தாங்காது. ஒரு பெண் ‘வேண்டாம்’ என்று சொல்ல, இரண்டு குடும்பம், ஜாதகம், சாதிப் பேச்சு, கோயில் கமிட்டியில் இருக்கிற மாமா எல்லாரையும் தாண்டி வரவேண்டும். பெரியவர்களின் வேலை இரண்டு பேரும் மனசு ஒத்த பிறகுதான். சட்டப்படியும் அவர்கள் இடம் பின்னால் வரும். 1982-ல் நடப்புக்கு வந்த 1976 திருமணச் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பாதவர் ரெஜிஸ்டர் செய்ய அப்பாவின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். பள்ளி முடித்த கையோடு தொழிற்சாலைக்கு வந்த பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

லைனில் பல நாட்டுக்காரர்கள் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மனசு போனது வேலை அனுமதியில் வந்த நேபாளத்துக்காரர்மேலோ வங்காளதேசத்துக்காரர்மேலோ என்றால், அந்த அனுமதி இருக்கும்வரை இங்கே கல்யாணம் செய்யக்கூடாது என்பது அவர்களுக்குப் போட்ட நிபந்தனை. பிடிபட்டால் போவது அவர்கள் பிழைப்பு. முதலில் அதை யோசியுங்கள்.

சிலர் தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டமாகப் போகும்போது சொல்லிவிடலாம் என்று திட்டம் போடுவார்கள். பழகுவதற்கு அது அருமையான வாய்ப்பு. வெள்ளை உடுப்பு இல்லாமல் ஒருவரை ஒருவர் முழுசாகப் பார்ப்பதே பலருக்கு அன்றைக்குத்தான். ரதத்துக்குக் காத்திருக்கும்போது கூச்சக்காரனுக்கும் நாலு வார்த்தை வரும். ஆனால் மனசைத் திறக்கிற இடம் அதுவல்ல. பினாங்கிலிருந்து அவளும் அதே வேனில்தான் திரும்பவேண்டும். பிடிக்கவில்லையென்றால் நடுவழியில் எங்கே இறங்குவாள்?

ஆகவே என் ஓட்டு நேரில் சொல்வதற்குத்தான். கூச்சக்காரனுக்கு இதுதான் கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். இதில் பாரம் முழுக்கச் சொல்பவன் தலையில் இருக்கிறது, கேட்பவள்மேல் இல்லை. படம்பிடிக்க ஒன்றுமில்லை, நடுவில் ஆள் இல்லை. இடமும் நேரமும் மட்டும் சரியாகப் பார்க்கவேண்டும்.

லைனுக்குள் வேண்டாம், வேனில் வேண்டாம், மோட்டார் நிறுத்துமிடத்து இருட்டில் வேண்டவே வேண்டாம். காலையில் ஷிப்ட் இறங்கி எல்லாரும் பசியாறுகிற ரொட்டி சானாய் கடை வாசல் போதும். சுற்றி ஆட்கள் இருப்பார்கள், பேச்சு காதில் விழாது, அவள் எந்த நிமிடமும் எழுந்து தோழிகளோடு போய்விடலாம். ஓய்வு நாளுக்கு முந்தைய ஷிப்ட் இறங்குகிற காலையாக இருக்கட்டும். பதில் எதுவானாலும் இரண்டு பேருக்கும் முகம் பார்க்காமல் தூங்கி எழ நேரம் கிடைக்கும். புலனத்தை வேண்டுமானால் இதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்: "காலையில பசியாறும்போது ரெண்டு நிமிஷம் பேசணும், முடியுமா?" அதுவும் அவளே கொடுத்த எண்ணாக இருந்தால்.

சொல்கிற வார்த்தை நீளமாக இருக்கக்கூடாது. அந்தத் தம்பிக்கு நான் சொல்லிக்கொடுத்தது: "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு அப்படி இல்லைன்னா பரவாயில்லை, வேலையில ஒண்ணும் மாறாது. இப்பவே பதில் சொல்லணும்னு இல்லை." இதற்குமேல் ஒரு சொல் வேண்டாம். ஏன் பிடித்தது, எப்போதிருந்து பிடித்தது என்பதெல்லாம் அவளாகக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

‘வேண்டாம்’ என்று வந்தால், "சரி" என்று சொல்லிவிட்டு அந்த வார்த்தைக்கு உண்மையாக நடக்கவேண்டும். இரண்டாவது முறை கேட்கக்கூடாது. பதிலே வராவிட்டாலும் அது ‘வேண்டாம்’தான். துணியை நகர்த்தி வைக்கலாமா என்று அவன் கேட்டான். கேட்டால் கொடு, கேட்காமல் வைக்காதே என்றேன். நேற்று வரை அது உதவி. பதில் தெரிந்த பிறகு அது அவளுக்குச் சுமை.

கூச்சப்படுவது பெண்ணாக இருந்தால் என் கணக்கு கொஞ்சம் மாறும். நம் ஊரில் பையன் போய்க் கேட்டால் ஒரு நாள் பேச்சு, பெண் போய்க் கேட்டால் வருஷக் கணக்கில் பேச்சு. அது அநியாயம், ஆனால் இருக்கிறது. அதனால் தங்கச்சிகளுக்கு அக்கா வழி ஒரு படி மேலே. அவன் எப்படிப்பட்டவன், விஷயத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வானா என்பதை நம்பிக்கையான ஒருத்தி முதலில் பார்த்துச் சொல்லட்டும். சொல்கிற அந்த ஒரு வரியை மட்டும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

நல்ல பதில் வந்தால் ஒரு வேலை உடனே இருக்கிறது. அந்த ஓய்வு நாள் முடிவதற்குள் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் ஒருவரிடமாவது, அம்மாவோ அக்காவோ, சொல்லிவிடுங்கள். மறுபடி வேன் ஏறிவிட்டால் ஊர் முந்திக்கொள்ளும்.