திறந்த ஹோலுக்கு சப்வூபர்: மூடிய பெட்டியா, துளைப் பெட்டியா?

ஹோலும் விறாந்தையும் ஒன்றாகி, முற்றமும் திறந்து கிடக்கும் நாற்சார் வீட்டில் பேஸ் (சப்வூபர் தரும் தாழ்ந்த, அதிரும் ஒலி) தங்காது. சின்ன அறையில் சுவர்கள் இலவசமாகத் தரும் கூடுதல் பலம் இங்கே கிடைக்காது. யாழ்ப்பாணத்தில் பலர் வாட்ஸ் கணக்கை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். பெட்டியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: மூடியது என்றால் எல்லாப் பக்கமும் அடைத்தது, துளை என்றால் காற்று போய்வர ஒரு துளை வைத்தது.

சத்தம்
துளை: ஒரே ஸ்பீக்கர், ஒரே ஆம்ப் (அம்ப்ளிஃபையர்) என்றால் மிகத் தாழ்ந்த 20–30 ஹெர்ட்ஸ் பக்கம் கூடுதலாக அதிரும். துளையின் சுருதிக்கு (துளை ஒத்ததிரும் ஹெர்ட்ஸுக்கு) கீழே ஒக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 24 டெசிபெல் வீதம் சட்டென்று விழும்.
மூடியது: 12 டெசிபெல் வீதம் மெதுவாக இறங்கும். சின்ன அறையில் சுவர்கள் அதை ஈடுகட்டிவிடும். திறந்த ஹோலில் அந்தக் குறையை ஆம்ப்தான் சுமக்க வேண்டும்.

தெளிவு
மூடியது: தவில் அடி அடியாகவே கேட்கும், இழுபடாது.
துளை: நன்றாகச் செய்த பெட்டியென்றால் வித்தியாசம் பெரிதில்லை. மலிவானதில் துளை ஊதும் சத்தமே கேட்கும்.

இடம்
துளை: பெரியது, பாரம்.
மூடியது: கதிரைக்குப் பக்கத்திலேயே அடங்கும்.

பராமரிப்பு
துளை: பல்லியும் குளவியும் குடிவரும் (உண்மையாகத்தான்). துணியால் அடைத்தால் பேஸே மாறிவிடும். பாவிக்காதபோது மட்டும் மூடி வையுங்கள்.
மூடியது: தூசி தட்டினால் சரி.

படம்தான் முக்கியம், ஹோலும் பெரிது என்றால் 12 இஞ்ச் ஸ்பீக்கர் உள்ள துளைப் பெட்டியை மூலையில் வையுங்கள். பாட்டுக்கு மட்டும் என்றால் மூடியதைக் கதிரைக்கு அருகில் வைத்தால் போதும். காசு இருந்தால் மூடியது இரண்டு வாங்கலாம். வெவ்வேறு இடத்தில் வைத்தால் கதிரைக்குக் கதிரை பேஸ் மாறுவது குறையும்.