சுங்கை சிப்புட் மாடிக் கிட்டார் கடை: அலமாரிக்காக அல்ல, வேலை மேசைக்காக

சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடைவரிசையில், ஒரு மளிகைக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே செல்லும் மரப்படிக்கட்டில் ஏறினால் ஓர் இசைக்கருவிக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்துகள் மறைந்து பல காலம் ஆகிவிட்டதால், மாடிக் கிட்டார் கடை என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். கடந்த ஏழு மாதங்களில் வாடிக்கையாளனாகவும் மாணவனாகவும் அந்தப் படிகளில் பலமுறை ஏறி இறங்கியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக வேலை செய்கிறேன். பதினோர் ஆண்டுகளுக்கு முன்பு இரவுச் சந்தையில் 180 வெள்ளிக்கு ஓர் எஃகுத் தந்தி கிட்டாரை, மலாய் நண்பர்கள் 'கித்தார் காபோக்' என்று செல்லமாகச் சொல்லும் வகையை, வாங்கினேன். தோட்டத்து மாரியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை பஜனைக்குப் பக்கவாத்தியமாக வாசிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. பல சுரங்களை ஒருசேர ஒலிக்கவைக்கும் விரல்பிடிப்புகளான கார்டுகளில் ஜி, சி, டி என்ற மூன்றையும் எப்படியோ பழகிக்கொண்டேன். ஆனால் சுட்டுவிரலை முதல் மெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளை மெட்டு என்போம்) படுக்கவைத்து ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்த வேண்டிய எஃப் கார்டு வந்தபோது விரல் நுனிகள் சிவந்து தடித்தனவேயன்றி ஓசை எழவில்லை. கணக்கேடு எழுதிய விரலுக்கு இது வராது என்று முடிவுகட்டி, கிட்டாரை அலமாரியின் மேல் ஏற்றிவிட்டேன்.

சென்ற ஆண்டின் இறுதியில், விற்றுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் அதை இந்தக் கடைக்குக் கொண்டுசென்றேன். கடைக்காரர் விலை பேசவில்லை. கிட்டாரை மடியில் கிடத்தி, ஆறாம் தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் மெட்டுக்கு மேலே தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். அந்த இடைவெளியில் ஒரு மெல்லிய தாள் நுழைந்தால் போதும், அங்கே என் அடையாள அட்டையே நுழையும் போலிருந்தது. "இதுல எஃப் பிடிக்க எனக்கே கை வலிக்கும், அண்ணே" என்றார்.

இந்தக் கடையைப் பற்றி எழுதவேண்டிய முக்கியமான செய்தி இதுதான் என்பதால், அவர் செய்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். கிட்டாரின் தந்தி இரண்டு முனைகளில் தாங்கப்படுகிறது: தலைப்பக்கம் நட் என்னும் சிறு தடுப்பு, உடல்பக்கம் தந்திகளைப் பிணைக்கும் மரத்துண்டான பாலத்தின் மேல் நிற்கும் சேடல் என்னும் பட்டை. நட்டின் பள்ளங்கள் ஆழமாக அராவப்படாவிட்டால் முதல் மூன்று மெட்டுகளில்தான் தந்தி மிக அதிகமாக எதிர்க்கும், புதியவர்கள் வாசிக்கும் கார்டுகள் அனைத்தும் அங்கேதான் இருக்கின்றன. வலி மட்டுமல்ல, உயரத்திலிருக்கும் தந்தியை மெட்டுவரை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதியும் சற்று ஏறிவிடும். வெறுந்தந்தியில் எவ்வளவு துல்லியமாகச் சுருதி சேர்த்தாலும் கார்டு பிடித்தவுடன் ஏதோ பிசகுவதாக எனக்குத் தோன்றியதற்கு என் காது காரணமல்ல என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அவர் முதலில் கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை, ட்ரஸ் ராட் என்பதை, சாவியால் சிறிது சிறிதாக முறுக்கினார். தந்திகளின் இழுப்பால் முன்னோக்கி வளைந்திருந்த கழுத்து நிமிர்ந்தது. பன்னிரண்டாம் மெட்டில் ஆறாம் தந்தியின் உயரம் 3.8 மில்லிமீட்டரிலிருந்து 3.4 ஆனது. பிறகு சேடலைக் கழற்றி, கண்ணாடிப் பலகையில் ஒட்டிய உப்புத்தாளில் அதன் அடிப்பகுதியைத் தேய்த்தார். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடலில் இரண்டு மில்லிமீட்டர் குறைய வேண்டும் என்ற கணக்கை எனக்குச் சொல்லிக்கொண்டே 1.6 மில்லிமீட்டர் எடுத்தார். உயரம் 2.6-க்கு வந்து நின்றது. இன்னும் இறக்கலாமா என்று கேட்டபோது, பலமாக வாசித்தால் தந்தி மெட்டுகளில் உரசி இரையும் என்று மறுத்தார். நட்டின் பள்ளங்களைக் கடைசியாக, ஒவ்வொரு தந்தியின் தடிமனுக்கும் தனித்தனி அரத்தால் ஆழப்படுத்தினார்.

தந்தி விஷயத்திலும் அவர் சொன்னது பயன்பட்டது. என் கிட்டாரில் 12-ஆம் எண் கட்டு இருந்தது, அதாவது முதல் தந்தியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு. அந்தக் கட்டின் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுவிசை 70 கிலோவுக்கு மேல். 10-ஆம் எண்ணுக்கு மாற்றினால் அது ஏறத்தாழ 60 கிலோவாகக் குறையும். ஒலியின் கனம் சற்றுக் குறைந்தது உண்மைதான். ஆனால் பஜனையில் உறுமியும் கஞ்சிராவும் ஒலிக்கும்போது அந்தக் கனத்தை யார் தேடப்போகிறார்கள்? அதே நாளில் ஓர் இளைஞர், நைலான் தந்திக்கென்று செய்யப்பட்ட கிட்டாரைக் கொண்டுவந்து அதில் எஃகுத் தந்தி மாட்டித் தரச் சொன்னார். நைலான் கட்டின் இழுவிசை 40 கிலோ அளவில்தான் இருக்கும் என்றும், எஃகு மாட்டினால் பாலமே பெயர்ந்து வந்துவிடும் என்றும் விளக்கி, கையில் வந்த வியாபாரத்தைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். எனக்கு அவர்மேல் மதிப்பு ஏற்பட்டது அந்த இடத்தில்தான்.

சீரமைப்புக்கு 60 வெள்ளி, தந்திக் கட்டுக்கு 28 வெள்ளி. மூன்று நாளில் முடியும் என்று சொன்ன வேலைக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. இரண்டு முறை படியேறிக் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பினேன். தொலைபேசியை எடுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

விற்பனைக்கு வைத்திருக்கும் கிட்டார்களைப் பற்றி அவ்வளவு நல்லவிதமாக எழுத முடியவில்லை. சுவரில் தொங்கும் மலிவு விலைக் கருவிகளில் மூன்றை எடுத்து, அவரே கற்றுத்தந்த முறைப்படி மூன்றாம் மெட்டில் அழுத்திப் பார்த்தேன். மூன்றிலும் நட் உயரம். இவ்வளவு தெரிந்தவர் விற்கும்போதே சரிசெய்து தரக்கூடாதா என்று கேட்டேன். "இருநூறு வெள்ளி கிட்டாருக்கு அறுபது வெள்ளி வேலையச் சேத்தா யாரு வாங்குவா, அண்ணே?" என்றார். வியாபாரியின் பதில் என்ற அளவில் அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்தச் சுவரிலிருந்து கிட்டார் வாங்கிச் செல்லும் பிள்ளைகளில் எத்தனை பேர் என்னைப்போல் விரலை நொந்துகொண்டு அதை அலமாரி மேல் ஏற்றுவார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அங்கே புதிதாக வாங்குவோர் சீரமைப்புக் கூலியையும் விலையோடு சேர்த்துப் பேசி முடித்துவிடுவது நல்லது.

பலகைத் தடுப்புக்குப் பின்னால் சனிக்கிழமைகளில் வகுப்பும் நடக்கிறது. ஈப்போவிலிருந்து வரும் சீன ஆசிரியர் மலாய் மொழியில் பொறுமையாகக் கற்பிக்கிறார். மாதம் நான்கு அரைமணி நேரப் பாடங்களுக்கு 110 வெள்ளி. டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் போன்ற மேற்கத்திய இசைத் தேர்வுகளுக்கு ஒன்றாம் நிலையிலிருந்து படிப்படியாகச் செல்ல விரும்பும் பிள்ளைகளுக்கு இது ஏற்ற இடம். நாற்பத்தாறு வயதில் பஜனைக்கு வாசிக்க வந்தவனுக்கோ அந்தப் பாடப்புத்தகம் சுற்றுவழி. பாடகர்கள் தம் சுருதியை "ஐந்தரைக் கட்டை" என்று சொல்வதை ஆசிரியர் கேள்விப்பட்டதில்லை. ஒரு கட்டை என்பது சி, ஐந்து கட்டை என்பது ஜி, ஐந்தரை என்பது ஜி ஷார்ப் என்று நான் எழுதிக் காட்டியதும், தந்திகளை ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வியான கேப்போவை முதல் மெட்டில் மாட்டிவிட்டு எனக்குத் தெரிந்த ஜி கார்டையே பிடிக்கலாம் என்று நொடியில் வழி சொன்னார். மூன்று மாத வகுப்பில் எனக்கு மிகவும் உதவிய ஐந்து நிமிடங்கள் அவைதான். அதன்பின் வகுப்பை நிறுத்திக்கொண்டேன். தாளக்கட்டை விடாமல் கார்டு மாற்றும் பயிற்சியை வீட்டிலேயே மெட்ரோனோம் வைத்து நாளுக்கு இருபது நிமிடம் செய்கிறேன்.

நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மரக் கிட்டாருக்கு உகந்ததோ 45 முதல் 55 வரை. ஈரத்தை உறிஞ்சும் மேற்பலகை பாலத்தின் பின்புறம் மெல்ல உப்பித் தந்தியை மீண்டும் உயர்த்திவிடும். ஆகவே பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வைக்கும்படியும், மழை நனைக்கும் வெளிச்சுவரில் கிட்டாரை மாட்டாதிருக்கும்படியும் கடைக்காரர் சொன்னார். ஏழு மாதத்துக்குப் பின் தந்தியின் உயரத்தை அளந்து பார்த்தேன், 2.7 மில்லிமீட்டர். கூடுதலாகக் காசு வாங்காமல் ட்ரஸ் ராடை ஒரு கால் சுற்று திருப்பிக் கொடுத்தார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பஜனைக் குழுவின் ஓரத்தில் எனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. எஃப் கார்டில் இரண்டாம் தந்தி இன்னும் சில வேளைகளில் மந்தமாகவே ஒலிக்கிறது, அது என் விரலின் குறைதான்.

கடைக்குச் செல்வோர் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு செல்லவும், காலையில் பெரும்பாலும் திறப்பதில்லை. கிட்டாரை ஒப்படைக்கும்போது இப்போதைய தந்தி உயரத்தை அவரையே அளக்கச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால் மறுக்காமல் எழுதித் தருகிறார். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கோவில் குழுக்களின் உறுமிகளுக்குத் தோல் மாற்றும் வேலை அவர் மேசையை நிறைத்திருக்கும், அந்த நாட்களில் மூன்று நாள் தவணையை நம்ப வேண்டாம்.